மீனுக்கு அம்மை

"ஏங்க, மீனுக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் சரசு.

பக்தவச்சலம் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தார். மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். இரண்டு பொன்மீன்களில் ஒல்லியானதன் செவுளில் ரவை ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள். பருமனானதற்கு ஒன்றுமில்லை.

மீன் அவருடையது அல்ல. பக்கத்து வீட்டு அயூப் பாய், மைத்துனன் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போகும்போது நம்பி ஒப்படைத்தது.

போன வருஷம் பஸ் ஓடாத பந்த் நாளில் சரசுவுக்கு அப்பெண்டிக்ஸ் முற்றிவிட, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை தன் வேனில் ஏற்றிப் போனவர் அயூப்தான். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவே இல்லை. அந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தவித்தவருக்குக் கிடைத்தது இந்த இரண்டு மீன்கள்.

சரசு தொட்டியின் மேல் வேப்பிலை செருகினாள். பக்தவச்சலம் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடினார். வண்ணமீன் கடைக்காரர் பாதி கேட்கும்போதே முடிவு சொல்லிவிட்டார்.

"வெள்ளைப்புள்ளி நோய் சார். ஒட்டுண்ணி. வுட்டா ரெண்டும் பூடும். கல்லுப்பு போடுங்க, தெனம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, சூடு ஏத்துங்க."

வீட்டிலிருந்த கல்லுப்பு தொட்டிக்குப் போனது. அன்றைய சாம்பாரில் உப்பில்லை. கூடத்து பல்பும் கழன்று தொட்டிக்கு மேல் தொங்கியது. வெள்ளிக்கிழமை டிவியில் சினிமாப் பாட்டுப் பார்க்க வந்த தெருக்காரர்கள், வெளிச்சம் இருந்த பக்கம் திரும்பி உட்கார்ந்து மீனைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஒல்லி மீனுக்கு வெறி பிடித்தது. பருமனான மீனை மூலைக்கு மூலை விரட்டி, வயிற்றில் முட்டித் தள்ளியது.

"நோய் தலைக்கு ஏறிடுச்சு" என்றார் பக்தவச்சலம்.

"நீங்க போட்ட உப்புதான் ஏறியிருக்கும்" என்றாள் சரசு.

மறுபடியும் கடைக்கு ஓடி நீல மருந்து வாங்கி வந்தார். சில சொட்டு விடச் சொன்னார்கள். மூடி கழன்று பாதிப் புட்டி கவிழ்ந்தது. தொட்டி நீலம், தரை நீலம், சரசுவின் சின்னாளப்பட்டுப் புடவை நீலம். மறுநாள் ஆபீஸ் போக நீலக் கைகளோடு மின்சார ரயிலில் நின்றவரை, "எங்க சார் பெயிண்டிங் வேலை?" என்று ஒருவர் விசாரித்தார்.

தண்ணீரைப் பாதி மாற்றியதும் அடுத்த அதிர்ச்சி. பருமனான மீன் ஒரேயடியாக இளைத்துப் போயிருந்தது. தொட்டிக்குள் இருந்த நீர்ச்செடியின் இலையிலெல்லாம் ஜவ்வரிசி போலப் பொடிப் பொடியாய் ஏதோ ஒட்டியிருந்தது.

"செடிக்கும் பரவிடுச்சு சரசு."

செடியைப் பிடுங்கித் தனி வாளியில் போட்டு, மிச்ச மருந்தையும் அதில் விட்டார். வாளிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. சரசுவின் உயிரைக் காப்பாற்றித் தந்தவருக்கு ரெண்டு மீனைக் காப்பாற்றித் தர முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

கல்யாணம் முடிந்து அயூப்பும் அவர் மனைவி ஹஃபீசாவும் பிரியாணிப் பாத்திரத்தோடு வந்தார்கள். பக்தவச்சலம் நீலக் கைகளைக் கூப்பினார்.

"பாய், மன்னிச்சிடுங்க. உங்க மீனுக்குச் செவுள்ல வெள்ளைப்புள்ளி நோய் வந்துடுச்சு. என்னென்னவோ செஞ்சு பார்த்தேன், ஒண்ணும் சரியா வரல."

அயூப் தொட்டியைப் பார்த்தார். வேப்பிலையைப் பார்த்தார். தொங்கும் பல்பைப் பார்த்தார். பிறகு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"மீன் போனா போவுது சார். யார் வூட்டு மீனுக்கு யாராவது இவ்ளோ பாடுபடுவாங்களா? எங்க அண்ணன்கூட செய்யமாட்டான்."

பக்தவச்சலத்துக்குக் கண் கலங்கியது. சரசு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஹஃபீசா மட்டும் பேச்சில் சேரவில்லை. வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, செடியை மெல்லத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிட்ட போகாதீங்கம்மா, ஒட்டுண்ணி" என்றார் பக்தவச்சலம்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா, ஜோடி சேர்ற நேரத்துல ஆண் மீனுக்குச் செவுள்ல இப்படித்தான் பரு வரும், எங்க வீட்ல ரெண்டு வருஷமா முட்டையே வைக்காத ஜோடி இது, இங்க பாருங்க, முட்டைக்குள்ள குஞ்சுங்களுக்குக் கண்ணு தெரியுது."