குன்றின் மேல் கடைத்தெரு

வாத்துச் சோற்றுக் கடை இடுகாட்டுக்குக் குடிபோயிருந்தது.

யூஷியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கணினித் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். நேற்று வரை மீன்சந்தைக்குப் பின்சந்தில் இருந்த அந்தக் கடையின் சிவப்புப் புள்ளி, இன்று ஊருக்கு மேலே குன்றில், கல்லறைகளுக்கு நடுவே நின்றது. பக்கத்தில் பச்சை எழுத்தில் 'திறந்திருக்கிறது' என்று வேறு போட்டிருந்தது.

"ஆகுன் அண்ணே, இங்க வந்து பாருங்க."

சரக்கு வண்டி ஓட்டும் ஆகுன் பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சுவர் வரைக்கும் பின்னால் போனார்.

"ஏழாம் மாசம் பொறக்கப்போகுது. இந்த நேரத்துல இதையெல்லாம் எனக்கு ஏன் காட்டுற? நான் அங்க வண்டி ஓட்டமாட்டேன். சொல்லிட்டேன்."

கீலுங் துறைமுக ஊரில் ஏழாம் மாதம் என்றால் செத்தவர்கள் வெளியே வரும் மாதம். யாரும் பேய் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'நல்ல அண்ணன்மார்' என்பார்கள். அண்ணன்மாருக்கு எரிக்கிற காகிதப் பணமும் ஊதுபத்தியும்தான் முதலாளி லியாவின் வியாபாரம். ஒவ்வொரு கடைக்காரனும் வாசலில் மேசை போட்டுப் படைத்து எரிப்பான். அத்தனை கடையையும் இணைய வரைபடத்தில் தேடி, சோற்றுக்கடைக்கு ஒரு நிறம், முடிதிருத்தகத்துக்கு ஒரு நிறம், பட்டறைக்கு ஒரு நிறம் என்று பிரித்து, வண்டிக்கு ஒரு வட்டாரமாகக் கோடு போட்டுத் தருவது யூஷியாவின் வேலை.

அவள் கிடங்கில் காகிதக் கட்டு சுமந்தவள். இடுப்பு எலும்பு நழுவிப்போய், இனிச் சுமந்தால் படுக்கைதான் என்று வைத்தியர் சொன்ன பிறகே இந்த நாற்காலி கிடைத்தது. 'வெள்ளிக்கிழமைக்குள்ள வரைபடம் சரியா வரலைன்னா மறுபடியும் கிடங்குதான்' என்று முதலாளி சொல்லியிருந்தார்.

யூஷியா புள்ளியைப் பிடித்து இழுத்து மீன்சந்தையில் விட்டாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது குன்றில் நின்றது. கீழே ஒரு வரி: 'இடம் சரியானது. உரிமையாளர் உறுதி செய்துள்ளார்.'

"எந்த உரிமையாளரு?" என்றார் ஆகுன். "இருக்கிறவரா, போனவரா?"

"வாயை மூடுங்கண்ணே."

அவள் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். வெகுநேரம் மணி அடித்தது. பிறகு பெண்குரல் ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தணிந்து கேட்டது.

"யாரு... கோயில்லேருந்தா?"

"இல்லக்கா, காகிதக் கடை யூஷியா."

"நீயா! போன உயிரு திரும்பி வந்துச்சு."

"அக்கா, உங்க கடை வரைபடத்துல இடுகாட்டுல நிக்குது."

"நிக்கட்டும் தங்கச்சி. அங்கதான் நிம்மதியா இருக்கு."

தொடர்பு அறுந்தது. யூஷியா தொலைபேசியைத் தள்ளி வைத்தாள்.

பக்கத்துக் கடையிலாவது விசாரிப்போம் என்று முடிதிருத்தகத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் முதலில் "ஐயையோ" என்றாள். பிறகு ஏதோ கணக்குப் போடுகிற குரலில் கேட்டாள்.

"ஏன் யூஷியா, புள்ளி அங்க இருந்துச்சுன்னா கடையத் தேடிக்கிட்டு எவனும் போகமாட்டான் இல்ல?"

"ஏழாம் மாசம் வர்ற நேரத்துல எவன் அங்க போவான்?"

"அதுவும் சரிதான்" என்றாள் அவள், மெதுவாக.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் முடிதிருத்தகமும் குன்றில் இருந்தது. வாத்துச் சோற்றுக்கு எதிர் வரிசையில்.

மிச்சம் இருக்கிற கடைகளையாவது காப்பாற்ற வேண்டும். டயர் பட்டறை, மருந்துக்கடை, இரும்புக்கடை என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "உங்க புள்ளியப் பாத்துக்குங்க, இடுகாட்டுக்கு இழுக்குது" என்று எச்சரித்தாள். எல்லோரும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள். இரும்புக்கடைக்காரர் ரொம்ப நன்றி என்றுகூடச் சொன்னார்.

மாலைக்குள் மீன்சந்தைத் தெரு துடைத்துவிட்டாற்போல் காலியாகிவிட்டது. குன்றில் நிற்க இடமில்லை. டயர் பட்டறை ஒரு சமாதியின் தலைமேலேயே ஏறி நின்றது.

"பச்சைப் பொட்டலத்த எடுத்துப் பாரு" என்றார் ஆகுன். கணினி சொன்னபடி கேட்க அதன் தலையில் வைக்கிற தேங்காய்ச் சோளப்பொரிப் பொட்டலம் அது. எடுத்துப் பார்த்தாள். காலாவதியாகியிருந்தது.

"அதான்! கெட்டுப்போனதத் தின்னா மெசின் வேற எப்படி வேல செய்யும்?"

புதுப் பொட்டலம் வாங்கி வைத்தாள். மேலும் ஒரு தையல் கடை குன்றேறியது.

அப்போதுதான் முதலாளி லியாவ் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் கழுவிய அரிசிபோல் வெளுத்தது. யூஷியா குன்றைப் பெரிதாக்கிக் காட்டப் போனாள்.

"பெருசாக்காத!" என்று கத்தினார். "அந்தப் பக்கமே பாக்காத! ஒரு மெசினப் பாத்துக்கத் தெரியல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எல்லாக் கடையும் தெருவுக்கு வரணும். இல்லேன்னா நீ கிடங்குக்குப் போயிடு."

"என் இடுப்பு, முதலாளி..."

"இடுப்பு இல்லாதவங்களும்தான் மூட்டை தூக்குறாங்க."

மறுநாள் காலை ஆகுனுக்கு ஒரு பொட்டலம் பாக்கு வாங்கிக் கொடுத்து, வண்டியில் குன்றடி வரை போனாள். இடுகாட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் அவர் டயர்கூடப் போகாது என்றார்.

"திரும்பி வரும்போது பின்னால யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. நானே கூப்பிட்டாலும்."

"நீங்க கூப்பிட்டா எப்பவுமே திரும்ப மாட்டேண்ணே."

தூறலில் படிகள் வழுக்கின. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கைபேசித் திரையில் அவள் நீலப் புள்ளியாக நகர, இரண்டு பக்கமும் கடைகள் நெருக்கின. கண்ணெதிரே இருந்ததோ ஈரப்புல்லும் பாசி பிடித்த கல்லும் மட்டும்தான். ஆள் அரவமில்லை. கையில் இருந்த கருவி திடீரென்று, "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது.

அவள் முதுகுக்குப் பின்னால் சரக், சரக் என்று சத்தம் கேட்டது.

"சோறா, முடிவெட்டா?" என்றது ஒரு குரல்.

யூஷியா திரும்பவில்லை.

"காது கேக்கலையா? நேத்து வீடு வீடா சோறு கொண்டுபோய்க் கொடுக்குறவன் ஒருத்தன் தலைக்கவசத்தோட வந்து, 'ரெண்டு வாத்துச் சோறு ரெடியா'ன்னு என்கிட்டயே கேக்குறான். நானே காலையிலேருந்து பட்டினி."

திரும்பினாள். மூங்கில் தொப்பி வைத்த ஒருத்தி, அரிவாளால் சமாதிப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் ரப்பர் காலணி இருந்தது, சேறும் இருந்தது. யூஷியா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அக்கா, இந்தக் கடைகள எல்லாம் இங்க யாரு இழுக்குறாங்க? இது சரியாகலைன்னா நான் மறுபடியும் மூட்டை தூக்கணும். என் இடுப்பு தாங்காது."

புல் அறுப்பவள் அரிவாளைத் துடைத்துவிட்டு, அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள்.

"முதல்ல ஒரே ஒரு கடைதான் இங்க வந்துச்சு. படையலுக்கு நன்கொடை வசூலிக்கிற கோயில்காரங்க போனைப் பாத்துக்கிட்டே ஏறி வந்து, முதலாளி செத்துட்டாருன்னு நெனச்சு, காசு கேக்காம ரெண்டு ஊதுபத்தி ஏத்திட்டுப் போனாங்க. அதைக் கேள்விப்பட்டுத்தான் மத்த கடைக்காரங்களும் ஏறி வர்றாங்க. அந்த முதல் கடைப் பேரைத்தானே நீ சட்டையில போட்டிருக்க?"