டைல்ஸ் மேஸ்திரியின் முட்டிவலி வதைப் படலம்

வாழி, மண்டியிட்டே மாளிகைகளை வென்ற மாவீரர்! வாழி, கலவை பூசும் கரணை ஏந்திய கரத்தினர்! தரைச் சமம் காட்டும் ரசமட்டத்துக் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை உண்ணார், உறங்கார், உடனிருப்போரையும் உட்காரவிடார் எனத் திசையெட்டும் பேர்பெற்ற டைல்ஸ் மேஸ்திரி வாழி! அன்னாரின் போர்த்திறம் பாடப் புகுந்த அடியேன் நாவில் ஏதேனும் ஒரு தெய்வம் வந்து அமர்க. அமர நேரமில்லையேல் நின்றுகொண்டேனும் அருள்க. பாடப்போவது என்னவோ முட்டிவலியைத்தான்.

அந்தோ! எத்தனை குளியலறைகளின் தரையில் ஊன்றிய முழங்கால்கள் அவை! அவற்றுள் இரவோடிரவாகப் பகைப்படை புகுந்தது. உட்கார்ந்தால் வேல் பாய்ந்தது, எழுந்தால் வாள் வீசிற்று. ஏற்கெனவே மேஸ்திரியின் குருதிநாட்டில் இரத்த அழுத்தம் என்னும் கலகக்காரன் ஒருவன் உண்டு. நாள்தோறும் காலையில் விழுங்கும் சின்னஞ்சிறு பிரஷர் மாத்திரைதான் அவனைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது. அது வேலை செய்வது வெளியே தெரியாது. ஆகவே மேஸ்திரிக்கு அதன்மேல் பெரிய மரியாதையும் கிடையாது.

அவ்வமயம் தோன்றினார், வண்ணவாளி தாங்கிய வள்ளல், உடன் வேலை செய்யும் பெயிண்டர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை உருவி முழங்கினார்: "அண்ணே, இத ஒண்ணு போட்டுப் பாருங்க. வலி போன இடம் தெரியாது!"

போட்டார். என்னே விந்தை! பகைப்படை புறமுதுகிட்டது, மேஸ்திரி மறுநாள் ஒரு கூடம் முழுவதும் ஒட்டி முடித்தார். அன்றிலிருந்து மாலைதோறும் அம்மாத்திரைக்கே முடிசூட்டு. இதைக் கண்ட அவர் மனைவி, "ஏங்க, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க இத போடலாமான்னு கடையிலயாச்சும் கேட்டீங்களா?" என்று வினவ, வீரர் தம் வியூகத்தை விளம்பினார்: "காலையில அது, சாயங்காலம் இது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே பாத்துக்காது!" ஆகா, பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை வேறுவேறு வேளையில் விருந்துக்கு அழைப்பது போன்ற தந்திரம்! மனுஷனின் வயிறு என்ன, வந்தவர் வந்தவுடன் காலி செய்துவிட்டுப் போகிற விடுதியா?

நாட்கள் நகர, கணுக்கால்கள் வீங்கிச் செருப்பு வார் தடம் பதிந்தது, தலை கனத்தது. துவைக்கப் போட்ட சட்டைப் பைகளில் வெற்று மாத்திரை அட்டைகள் அகப்பட அகப்பட, மனைவி அவற்றை எண்ணத் தொடங்கினாள். ஒரு காலை அவரை இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அங்கே மூண்டது பெரும்போர். புயத்தில் சுற்றிய பட்டை புசுபுசுவெனப் பொங்கி இறுக, அளவுமுள் ஏறிய உயரம் கண்டு டாக்டரின் புருவமும் ஏறிற்று. "பிரஷர் மாத்திரை அளவ ஏத்தணும் போலிருக்கே. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்க டாக்டர்!" என்று கர்ஜித்தார் வீரர். பொய் சொல்வதாக அவர் நினைக்கவேயில்லை. மாத்திரை என்றால் நோய்க்குப் போடுவது, இது வெறும் வலிக்குத்தானே! ஆயினும் இடக்கை தானாகச் சென்று சட்டைப் பையைக் கேடயமெனப் பொத்திக்கொண்டது. அடலேறே, அந்தக் கை ஏன் அங்கே போயிற்று?

பாய்ந்தாள் மனைவி! பொத்திய கையைப் புரட்டினாள். விரலோடு விரல் பின்னிப் பொருத அக்கடும்போரில் மேசை அதிர்ந்தது, பேனா உருண்டது, மாத்திரை அட்டை டாக்டரின் முன்னே விழுந்தது. "பாருங்க டாக்டர், தினம் இதத்தான் முழுங்குறாரு! நாளைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு இவர விட்டா யாரு இருக்கா?" என்றவள், வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டாள். வலிக்கு அஞ்சாத மேஸ்திரிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துத் தீர்ப்புரைத்தார்: "எந்த நேரத்துல போட்டாலும் ரெண்டும் ஒரே ரத்தத்துலதான் கலக்கும். இது உப்பையும் தண்ணியையும் உடம்புல தேக்கும், பிரஷர் மாத்திரைய வேலை செய்ய விடாது, கிட்னிக்கும் ஆகாது. இன்னையோட நிறுத்துங்க. வலிச்சா பாரசிட்டமால், அதுவும் நான் சொல்ற அளவுதான்; தண்ணில கரைச்சுக் குடிக்கிற வகை வேண்டாம், அதுல உப்பு ஜாஸ்தி. இனிமே கடையில எத வாங்கினாலும் 'எனக்குப் பிரஷர் இருக்கு'ன்னு முதல்ல சொல்லுங்க."

இவ்வாறாக, வாளி வள்ளலின் வரம் பறிபோக, வியூகம் சிதற, முழந்தாட்பட்டையிரண்டைக் கவசமெனப் பூட்டி, அஞ்சா நெஞ்சினர் மீண்டும் தரைக்களம் புகுந்து, கரணை சுழற்றி, ரசமட்டம் நோக்கி, எண்டிசையும் நடுங்க மண்டியிட்டார்.

முட்டி இன்னும் வலிக்கிறது, பிரஷர் இறங்கிவிட்டது.