மிச்ச மாத்திரைச் சீர்

மனித குலம் கண்ட ஈகைகளுள் தலையாயது, பாதி தின்று மீதி வைத்த மாத்திரை அட்டையை உறவினருக்கு வழங்குவதே ஆகும். இதில் முக்கூடல் நெல்லையப்பன் குடும்பத்தை மிஞ்ச ஆற்றின் இரு கரையிலும் ஆளில்லை.

நெல்லையப்பனுக்குப் பாளையங்கோட்டையில் குடலிறக்க அறுவை. கத்தி வைப்பதற்குச் சற்று முன் டாக்டர் அர்வா கிருமித் தடுப்பு ஊசி ஒன்று போட்டார்.

"இது போதும் சார். கிருமிக்குன்னு மாத்திரை வேண்டாம். புண் ஆறினதும் ஆத்துல குளிக்கலாம்."

ஆற்றில் முங்காத நாளை நெல்லையப்பன் நாளாகவே சேர்ப்பதில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே மயக்கத்துக்குள் போனார்.

வீடு திரும்பியதும் மைத்துனன் சாய்ராம் 'நோய்த்தடுப்பு உயர்நிலைக் குழு'வைக் கட்டிலைச் சுற்றிக் கூட்டினான்.

"ஒத்த ஊசியா அத்தான்? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாத இல்லையா?"

"போதும்னு அந்தம்மா சொல்லுதுலே."

"அது படிச்ச பிள்ள. அப்படித்தான் சொல்லும்."

ருக்கு சித்தி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். "பல்லு பிடுங்கையில கிருமிக்குன்னு வாங்குனது. வலி நின்னதும் நிப்பாட்டிட்டேன். உனக்குன்னே இருந்திருக்கு பாருய்யா."

மனைவி மாதுரி, இருமலில் மிஞ்சிய சிவப்புக் குளிகைகளை வழங்கினாள். சாய்ராம் தன் சளியின் பாதியைச் சமர்ப்பித்தான். வெறும் ஆப்பிளோடு நோயாளியைப் பார்க்க வரும் அற்பர்கள் அல்லர் அவர்கள்.

மறுத்தால் சித்தியின் மனம் புண்படும். வயிற்றுப் புண்ணைவிட அது ஆற நாளாகும். ஆகவே காலையில் பல், மதியம் இருமல், இரவில் சளி என்று யார் மனமும் கோணாமல் விழுங்கினார் நெல்லையப்பன்.

தையல் சிவந்தது. பிறகு சீழ் வைத்தது. காய்ச்சலோடு மறுபடியும் பாளையங்கோட்டை.

சீழைச் சோதித்து வந்த முடிவை டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "ஊசி போட்டும் எப்பவாவது ஒருத்தருக்கு இப்படி ஆகிறதுதான். ஆனா இதுக்கு மாத்திரை ஒண்ணுமே கேக்காது போலிருக்கே. வீட்ல ஏதும் சாப்ட்டீங்களா?"

சாய்ராம் பெருமிதத்தோடு வரிசையாகச் சொன்னான்.

"சரிதான். லேசாச் சாகுற கிருமியெல்லாம் செத்துப்போச்சு. சாகாததா மட்டும் பார்த்து வளர்த்திருக்கீங்க. இனி ஒரே ஒரு ஊசி மருந்துதான் பாக்கி. அதுவும் கேக்கலன்னா எங்கிட்ட வேற இல்ல."

மாதுரி கண்ணைத் துடைத்தாள். நெல்லையப்பன் பைய அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாய்ராம் டாக்டர் அருகே போனான்.

"டாக்டரம்மா, அத்தானுக்குச் சீக்கிரமே குணமாயிட்டுன்னா மிச்ச ஊசிய எங்கிட்ட குடுத்துருங்க. ருக்கு சித்திக்கு முட்டு ஆபரேசன் வருது."