பென்ஸை வந்து எடுத்துக்கொண்டு போகவும்

பாளையங்கோட்டை,
18-9-97

சிரஞ்சீவி மைத்துனன் குமரவேலுக்கு, அத்தான் திருஞானசம்பந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் ப்ரியாவும் குழந்தைகளும் சிங்கப்பூரில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க நெல்லையப்பரும் காந்திமதியும் துணையிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகமா என்று கேட்பாய். சுகமாக இருப்பது உன் பென்ஸ் ஒன்றுதான். மற்றவர்கள் நிலைமையை விவரமாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாசக் கடைசிக்குள் யாரையாவது அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. நீ கிளம்பும்போது மூன்று கட்டளை போட்டாய். வாரத்துக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டும், வேறு யார் கையிலும் சாவியைக் கொடுக்கக் கூடாது, ஒரு கீறல் விழக் கூடாது. நான் மூன்றையும் காப்பாற்றினேன். அதனால் எனக்கு ஏழு மாசமாகத் தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு இந்தத் தெருவில் ஏறி நிற்க எத்தனையோ இடம் இருக்கிறது, அதற்கு உன் பானட்தான் பிடித்திருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கின பிறகே இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே போனாலும் கையில் ஒரு மஞ்சள் துணி, எங்கே நிறுத்தினாலும் இறங்கித் துடைப்பு. உடுப்பு என்னவென்றால், பதிவுத்துறையில் முப்பத்துமூன்று வருஷம் போட்ட அதே வெள்ளைப் பேண்ட், வெள்ளை அரைக்கைச் சட்டை. இந்த உடுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஊர் எழுந்து நின்றது. அதே உடுப்பில் பென்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் நான் யார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

முதல் தடவை பெட்ரோல் போடப் போனபோதே இது தொடங்கிவிட்டது. பங்க்காரன் போட்டு முடித்து, பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவுன்னு எழுதட்டும் அண்ணாச்சி?" என்று பைய கேட்டான். "போட்டதை எழுதும்வே" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் புதுசோ? போகப் போகப் பழகிரும்" என்று ஆறுதல் சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் புரிந்தது. முதலாளியிடம் காட்டுவதற்கு எவ்வளவு கூட்டி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ஒரு சார்பதிவாளரைப் பார்த்து.

அடுத்தது பூதத்தான். நான் நாங்குநேரியில் சார்பதிவாளராக இருந்தபோது ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். நான் படியேறினால் எழுந்து நின்று பேனாவை மூடிவைப்பார். அவர் வண்ணார்பேட்டையில் நான் கண்ணாடி துடைப்பதைப் பார்த்திருக்கிறார். அங்கே ஒன்றும் பேசாமல் போய்விட்டு இரண்டு நாள் கழித்து ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். "ஐயா, பென்சன் இன்னும் வரலியாய்யா?" என்றார். எல்லாம் வருகிறது, வண்டி என் மச்சினனுடையது, அதனால்தான் ஓட்டுகிறேன் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் பழச்சீப்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "மச்சினன்கிட்டயேவா ஐயா சம்பளத்துக்கு இருக்கீய?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அதற்குப் பிறகு பென்சன்தாரர் சங்கத்தில் என்னைப் பார்த்தால் யாரும் உரக்கச் சிரிப்பதில்லை.

வெளியாட்களைச் சொல்வானேன், உன் அக்காள் கோமு இருக்கிறாளே. முன் சீட்டில் ஏசி காற்று முழங்காலில் அடிக்கிறதென்று பின்னால்தான் உட்காருவாள். பாபநாசம் போனபோது பூக்காரி ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டு, "முதலாளியம்மா, உங்க டிரைவரை வண்டியக் கொஞ்சம் அங்கன தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றாள். கோமு என்னைத் திரும்பிப் பார்த்து, "டிரைவர், கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் எனக்கு உத்தரவு போட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெளியாள் முன்னால் போட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "சொல்லலாம்னுதான் பாத்தேன், அவ அதுக்குள்ள ரெண்டு முழம் சும்மா குடுத்துட்டா" என்கிறாள். வரும் வழியெல்லாம் பின் சீட்டில் மல்லிகை வாசனை, முன் சீட்டில் நான்.

இதெல்லாம் பொறுத்துப் போகலாம், குமரவேல். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் எப்படி எழுதுவதென்று நாலு நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். நம் வீட்டுப் பெண் அனுராதாவுக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு இடம் வந்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். மாப்பிள்ளை கணேஷ்ராம், மதராஸில் பாங்கு ஆபீசர், தகப்பனாருக்கு அரிசி ஆலை. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, கோயிலில் வைத்துப் பார்த்ததிலேயே அனுராதாவைப் பிடித்துப்போய்விட்டது. ஜாதகமும் பொருந்தியது. ஆவணி முடிவதற்குள் நாங்கள் போய் வீட்டைப் பார்த்து வார்த்தை கொடுத்துவிட வேண்டியதுதான் பாக்கி. அனுராதாவிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். அவளுக்கு இருபத்தேழு நடக்கிறது, இந்த மூன்று வருஷத்தில் தட்டிப்போன இடம் ஐந்து. அந்த ஒரு வார்த்தை எனக்குள் கல் மாதிரி கிடந்தது. என் இஷ்டம் தப்பாகப் போய்விட்டால் வாழப்போகிறவள் அவள்தானே.

என் அண்ணாச்சி ஐயம்பெருமாளையும் கூட்டிக்கொண்டு போனோம். அவரும் கோமுவும் பின்னால், முன் சீட்டில் பழத்தட்டு. வண்டி நின்றதும் மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலுக்கு வந்து, பட்டுக்கரை வேட்டியும் தங்க பிரேம் கண்ணாடியுமாக இறங்கிய அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே பொண்ணுக்குத் தகப்பனார்?" என்றார். அண்ணாச்சிக்குக் காது கேட்காது, கேட்காத கேள்விக்கெல்லாம் தலையாட்டிச் சிரிப்பார் என்பது உனக்குத் தெரியும். ஆட்டினார், சிரித்தார். கோமுவைப் பெண்கள் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பழத்தட்டோடு முன்னால் போனேன். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, "வண்டிய வேப்பமரத்து நிழல்ல போடும்வே. காபி அங்கனயே வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே வண்டியைத் திருப்பியிருப்பேன். உள்ளே போய் நான்தான் தகப்பன் என்று சொன்னால் அந்த மனுஷர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார், ஆறாவது இடமும் இப்படியா போக வேண்டும் என்று நினைத்து மரத்தடியில் போய் நின்றேன். அவர்கள் வீட்டு டிரைவர் கிருபைராஜ், ஐம்பது வயசு இருக்கும், எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். டம்ளரில் காபி வந்தது. உண்மையைச் சொன்னால் நல்ல காபி. அவர் பென்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் குத்தவைத்து, "பொண்ணு எப்படிவே? வீட்டுக்குள்ள போக வர இருக்கவரு, உமக்குத் தெரியாமலா இருக்கும்" என்று கேட்டார்.

என் மகளைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. புரோக்கர் நட்சத்திரம் கேட்டார், சம்பந்தி வீட்டார் படிப்பு கேட்டார்கள். டிரைவர் வேஷத்தில் இருந்ததாலோ என்னவோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. "தங்கமான பிள்ளைவே. அவ அப்பாதான் ஒரு மாதிரி. எம்.ஏ.யில முதலாவதா வந்து நிக்கா, 'சரி, கால் கழுவிட்டுச் சாப்பிடு'ன்னு சொன்ன மனுசன். அந்தப் பிள்ள ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. எனக்குக் கண் ஆபரேசன் நடந்தப்ப நாப்பது நாள் பக்கத்துல இருந்து பேப்பர் வாசிச்சுக் காட்டுச்சு, வரி விளம்பரம்கூட விடாம" என்று சொல்லிக்கொண்டே போனேன். கிருபைராஜ் நிமிர்ந்து பார்த்தார். "டிரைவருக்கா?" என்றார். அப்போதுதான் உளறியது உறைத்தது. "ஆமா, டிரைவருக்குத்தான்" என்றேன்.

அவர், "டிரைவருக்கே இவ்வளவு செய்யுத பிள்ளைன்னா இங்கன வேண்டாம்வே. இரும், வாரேன்" என்று உள்ளே போனார். நடுவில் கோமு என்னைத் தேடி வாசலுக்கு வந்தாள். உள்ளே போ என்று கண்ணைக் காட்டினேன். பென்ஸைப் பார்க்க வருவதுபோலப் பின்வாசல் வழியாக ஒரு பையன் வந்தான். அவன்தான் கணேஷ்ராம். டயரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, ஒரு உதவி. திரும்பிப் போகையில உங்க முதலாளி காதுல நான் குடிப்பேன்னு பைய போட்டு வையுங்க. சீட்டாட்டமும் உண்டுன்னு சேத்துக்கோங்க" என்றான்.

"உண்டா தம்பி?"

"அய்யோ, இல்ல அண்ணாச்சி. மெட்ராஸ்ல கூட வேலை பாக்குத பொண்ணு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசமாச்சு. அப்பாட்ட சொல்லப் பயமா இருக்கு. அதுக்காக இன்னொரு வீட்டுப் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க முடியுமா?"

"நான் சொன்னா முதலாளி நம்புவாரா?"

"டிரைவர் சொல்லி நம்பாத முதலாளி உண்டா?" என்றான். பின்னால் நின்ற கிருபைராஜ், "நல்ல பையன்வே. தைரியம்தான் கெடையாது" என்றார். அவனை ஒரு அறை விடலாமா, கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தேன். சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது அண்ணாச்சி பின்னாலிருந்து, "நல்ல இடம்லே. முடிச்சிருவோம்" என்றார். கோமு, கேசரியில் எத்தனை முந்திரிப்பருப்பு கிடந்தது என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். வீரவநல்லூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சிக்கு இரண்டு தடவை சொன்னேன், ரோட்டில் போனவர்களும் கேட்டிருப்பார்கள். கோமு, "டிரைவர் பேச்சக் கேட்டு யாராவது சம்பந்தத்த முறிப்பாகளா?" என்றாள். "நானும் டிரைவர்தானே, நீயேதானே சொன்ன" என்றேன்.

அனுராதாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் பாவம்ப்பா" என்றாள். அப்புறம், "அந்த டிரைவர்ட்ட என்னையப் பத்தி என்ன சொன்னீய?" என்று கேட்டாள். பேப்பர் வாசித்ததைச் சொன்னேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், டம்ளரோடு வாசலுக்கு வந்து, "டிரைவருக்குக் காபி" என்று நீட்டிவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குமரவேல். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பையனைக் காட்டிக்கொடுக்காமல், இப்போது எங்களுக்குத் தோதுப்படவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நேற்று அவன் தகப்பனார் போன் செய்தார். அண்ணாச்சி குரலை எதிர்பார்த்தவர் என் குரலைக் கேட்டு, "என்ன, தொண்டை கட்டியிருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும். அண்ணைக்கு மரத்தடியில நின்னான்லா உங்க டிரைவர், அவன்தான் என்னமோ ஏத்திவிட்டுருக்கான். முழியே சரியில்ல. நல்ல மனுசரு நீங்க, இப்படி ஆளைப் பக்கத்துல வச்சிருக்காதீய. மொதல்ல அவன நிறுத்துங்க" என்றார். சரி, நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பதிவுத்துறையில் இருந்தவன், கொடுத்த வாக்கை மீற மாட்டேன். இந்த வீட்டில் இனி டிரைவர் இல்லை. டிரைவர் இல்லாத வீட்டில் பென்ஸ் எதற்கு? ஆகவே மேலே சொன்னபடி மாசக் கடைசிக்குள் ஆள் அனுப்பு. சாவி, ஆர்.சி. புத்தகம், மஞ்சள் துணி எல்லாம் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். கீறல் ஒன்றும் இல்லை. ஆட்டுக்குளம்புத் தடம் ஒன்று லேசாகத் தெரியும், சாய்ந்து பார்த்தால்தான்.

ப்ரியாவுக்கு ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு முத்தம். காற்றோட்டமான இடத்தில் இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இருங்கள். அக்காள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அன்புள்ள அத்தான்,
திருஞானசம்பந்தம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அனுராதா வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, வண்டிய மாமாட்ட இப்பவே குடுத்துராதீங்க" என்கிறாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது, ஐப்பசி முதல் ஞாயிறு வீடு பார்க்கப் போகிறோம். அண்ணாச்சியிடம் பேசியாயிற்று, அங்கேயும் அவரே தகப்பனாராக இருக்க ஒத்துக்கொண்டுவிட்டார். அதனால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, ஆள் கீள் அனுப்பிவிடாதே. அங்கே டிரைவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பி நல்லதாகக் கிடைத்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. என் தலை சுற்றளவு இருபத்திரண்டு அங்குலம்.