கூப்பிட்டால் உட்காரக் கூடாது

ஜோவெல் எழுந்தான். சோறு ஆக்கினான். கருவாடு பொரித்தான். அடுப்படியில் நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவினான். ஜீப்னி வண்டி பிடித்து, தாய்மொழியைக் காப்பாற்றப் போனான்.

பிலிப்பைன்ஸின் செபு தீவில் பேசும் செபுவானோ மொழி இன்றும் உயிரோடிருப்பதற்கு முழுமுதற் காரணம் 'அன்றாடச் சொற்பொருள் உயர்மட்டக் குழு'தான். மீன்சந்தையில் அதைப் பேசித் திரியும் லட்சோபலட்சம் பேர் வெறும் 'பயனாளிகள்'. ஜோவெல் அக்குழுவின் எழுத்தர்.

அன்றைய சொல் 'கஓன்'. சாப்பிடு என்று அர்த்தம். செபுவில் வாயில் சோற்றோடு இருக்கும் எவரும், கண்ணில் படும் எவரையும் 'கஓன் தா', வா சாப்பிடலாம், என்று அழைப்பார்கள்.

உதாரண வாக்கியமாக, தன் மனைவி ரோவேனா கடைசியாகச் சொன்னதை ஜோவெல் எழுதி வைத்திருந்தான். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அந்த ஒரு வரியாவது அகராதியில் இருக்கட்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

தலைவர் டாக்டர் கபாஹுக் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"டோங், தம்பி, இதுல என்னப்பா இருக்கு? தேசம் இல்ல, விடியல் இல்ல. யார் சொன்னது இத?"

"என் சம்சாரம், சார்."

"ஏதாச்சும் பட்டம்?"

"தையல் மிஷின் வச்சிருந்தா, சார்."

"பாவம், தங்கமான பொண்ணு," என்றார் உறுப்பினர் ஹெர்மினியா அம்மையார். "ஆனா வாக்கியத்துல கம்பீரம் பத்தல."

ஏகமனதாக அந்த வரியை அடித்தார்கள். அந்த இடத்தில் 'எழுக, பண்பாட்டு விருந்துண்போம்!' ஏறியது. 'கஓன் தா'வுக்கு வரலாற்றுச் சிறப்புமிக்க பொருளும் நிறைவேறியது: 'மரியாதை நிமித்தம் அழைத்தல். அழைக்கப்பட்டவர், வயிறு நிறைந்திருக்கிறது என்று கூறி நகர்தல்.'

மொழி காப்பாற்றப்பட்டதும் பசித்தது. முழுப் பன்றி வறுவல் வந்து இறங்கியது.

"கஓன் தா, டோங்!" என்று குழு ஒரே குரலில் அழைத்தது.

ஜோவெல் நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். மொறுமொறுத்த தோலில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.

அவை அதிர்ந்தது.

"என்னடா இது! இப்பதானே தீர்மானம் போட்டோம்?"

"நீங்கதான் கூப்டீங்க, சார்."

"கூப்டா வந்துடறதா? நாங்க என்ன, நெஜமாவா கூப்ட்டோம்?"

அந்த அவையில் ஒரு மனிதனை நிஜமாகவே சாப்பிடச் சொன்ன ஒரே வாக்கியம், சிவப்பு மையில் அடிபட்டுக் கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பன்னும் கையுமாக நின்றபோது, தள்ளுவண்டியில் படுத்தபடி, அறுவைசிகிச்சை அறையின் கதவு மூடுமுன் ரோவேனா சொன்னது:

"நின்னுக்கிட்டே திங்காத, ஜோவ். எங்கயாச்சும் உக்காந்து நல்லா சாப்பிடு."