காதில் போட்டுக்கொள்ளாதவன்

சோஹைரின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை.

மீன்சோற்றில் கைவைத்தபடி ரிஃபாத் தன் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அவசியமும் இருந்ததில்லை. மூன்றாவது மாடியில் சோஹைர் கூப்பிட்டால் கீழே துறைமுகத்தில் நாலு படகுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரல்தான் இன்று வந்து சேரவில்லை. வலது காதில் ஈரப்பஞ்சை வைத்து அடைத்ததுபோல இருந்தது. இடது காதில் இரைச்சல் மட்டும்.

வாய் நின்றது. புருவம் உயர்ந்தது. அப்படியென்றால் அது கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

"என் கண்ணுலருந்து!" என்றான் ரிஃபாத்.

அந்த ஊரில் வேண்டியவர்கள் எதையாவது கேட்டால் வெறும் 'சரி' போதாது. கண்ணையே பிடுங்கித் தருகிற மாதிரி, நெஞ்சில் கைவைத்து இப்படித்தான் சொல்ல வேண்டும்.

சோஹைரின் முகம் பெருநாள் பிறை பார்த்த மாதிரி மலர்ந்தது. மேசையைச் சுற்றி வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ரிஃபாத்தின் கை சோற்றிலேயே நின்றது. முத்தம் கிடைக்கும் அளவுக்குப் பெரிதாக எதற்கோ ஒப்புக்கொண்டிருக்கிறான். எதற்கு?

கேட்க முடியாது. இரண்டு அர்த்தத்திலும்.

விஷயம் இதுதான். வரும் வியாழக்கிழமை காலை செங்கடலோரத்து ஹுர்கதா துறையிலிருந்து சோஹைரின் அண்ணன் மஹ்ரூஸின் படகு தெற்கே பவளப்பாறைகளுக்குக் கிளம்புகிறது. ஒரு வாரம் கடலிலேயே. விருந்தாளிகளைத் தண்ணீருக்குள் கூட்டிப்போகும் தலைமை முக்குளிப்பாளன் ரிஃபாத். கௌரவம், பவளம், சுறா எல்லாம் அப்புறம். ஒரு வாரத்துக்கு யாரும் 'குப்பையக் கீழ கொண்டுபோங்க' என்று சொல்லமாட்டார்கள். அதற்காகவே இரண்டு சீசனாகத் தவமிருந்தான்.

மஹ்ரூஸுக்கு ஒரே சட்டம். காதில் கோளாறு உள்ளவன் தண்ணீரில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஆழத்தில் வலி தாங்காமல் திணறுவான், அவனை நம்பி இறங்கியவர்களும் திணறுவார்கள். மிகவும் நியாயமான சட்டம். அதனால்தான் ரிஃபாத் மறைத்தான். சோஹைருக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே அண்ணனுக்கு போன் போகும். இடம் இன்னொரு முக்குளிப்பாளன் ஷவ்கிக்குப் போகும். ஷவ்கி தண்ணீருக்குள்ளேயும் தலை வாரிக்கொள்கிற ஆள்.

காது ஏன் இப்படி ஆனது? ரொம்ப யோசிக்க வேண்டாம். தினமும் படகில் நின்று ரிஃபாத்தே ஐந்து மொழியில் பிரசங்கம் செய்வான்:

"மேல வந்ததும் நல்ல தண்ணில காதக் கழுவுங்க. தலையச் சாய்ச்சு வடிய விடுங்க. துண்டால வெளிப்பக்கம் மட்டும் துடைங்க. வினிகரும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து ரெண்டு சொட்டு விடுங்க. குச்சி கிச்சின்னு எதையும் உள்ள விடாதீங்க!"

ஜெர்மன்காரர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் ரிஃபாத் படகின் பின்பக்கம் போய், சோஹைரின் கொண்டை ஊசியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கமே தெரிகிற வரை காதைக் குடைவான்.

சோஹைர் அந்தச் சொட்டு மருந்தைக் கலந்து சின்ன பாட்டிலில் ஊற்றி அவன் பையில் வைப்பாள். வாசல்வரை வந்து சொல்வாள். "ஏங்க, காதுல போட்டுக்கங்க. ஒவ்வொரு தடவ மேல வந்ததும் ரெண்டு சொட்டு. காதுல போட்டுக்கங்க."

"நான் கடல்லயே வளர்ந்தவன்டி. இது காது இல்ல, செவுள்."

செவுளுக்கு மருந்தெதற்கு? போடவில்லை. ஆனால் பாட்டில் நிறைந்தபடி வீடு திரும்பினால் சண்டை வரும். எனவே தினமும் அரை பாட்டிலைக் கடலில் ஊற்றினான். செங்கடலின் அந்தப் பக்கத்தில் எந்த மீனுக்கும் காதுவலி வந்ததாகத் தகவல் இல்லை.

ரிஃபாத்துக்கு வந்தது. முதலில் அரிப்பு. பிறகு வலி. பிறகு இந்த அடைப்பு. 'கேட்காது' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு காது உட்கார்ந்திருக்கிறது. இப்போது அவனிடம் மிச்சமிருந்தது அந்தக் காது ஒன்றுதான்.

ஆனாலும் திட்டம் பிரமாதமாக இருந்தது. வியாழன்வரை யார் எது கேட்டாலும் 'என் கண்ணுலருந்து'. மறுத்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். ஒப்புக்கொள்கிற புருஷனிடம் எவளும் விளக்கம் கேட்கமாட்டாள். இதைக் கண்டுபிடித்த தன் மூளையை நினைத்து ரிஃபாத்துக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய அறை காலியாக இருந்தது. காற்று உருளைகள், துடுப்புச் செருப்புகள், ரப்பர் உடைகள் எல்லாம் பால்கனியில், வெங்காய மூட்டைமேல் கிடந்தன. அறைக்குள் ஒரு கட்டில். கட்டில்மேல் ரோஜாப்பூ போட்ட போர்வை.

"என்னடி இது?"

சோஹைரின் வாய் அசைந்தது. ரிஃபாத் விளக்கைப் பார்ப்பதுபோல் இடது காதை அவள் பக்கம் சாய்த்தான். துண்டு துண்டாக வந்தது. "...நீங்கதான... கண்ணுலருந்துன்னு..."

"அட ஆமா! நான்தான!" என்று சிரித்தான். சிரித்தபோது தாடை வலித்தது.

செவ்வாய்க்கிழமை கட்டிலுக்குச் சொந்தக்காரி வந்து இறங்கினாள். தன்தா என்ற ஊரிலிருந்து மாமியார் ஹாஜ்ஜா தஃபீதா. ஒரு கையில் பெட்டி, மறு கையில் கூடை, கூடைக்குள் இரண்டு உயிர் வாத்து. ஹாஜ்ஜாவின் குரல் கப்பல் சங்கு. பஞ்சு, சீழ், சவ்வு எல்லாவற்றையும் தாண்டி அது ஒன்றுதான் ரிஃபாத்துக்குள் போனது.

"மாப்ள! ஒரு மாசம் தங்கிட்டுத்தான் போகணும்னு பிடிவாதம் பிடிச்சீங்களாமே!"

"ஒரு மாசமா!"

"பத்தாதுங்கறீங்களா? என்ன பாசம், என்ன பாசம்! அப்ப ரமலான் முடியட்டும்."

ரமலானுக்கே இன்னும் நாலு மாதம் இருந்தது. ரிஃபாத் பல்லைக் கடித்தான். வலி உச்சந்தலைக்கு ஏறியது. போகட்டும். நான் கடலில் இருக்கும்போது வீட்டில் மாமியார் இருந்தால் என்ன, யானை இருந்தால் என்ன?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு சோஹைர் முறுக முறுகச் சுட்ட காய்ந்த ரொட்டி வைத்தாள். அவள் அப்படிச் சுடுகிறவள் இல்லை. ரிஃபாத் ஒரு வாய் கடித்தான். காதுக்குள் நட்சத்திரம் வெடித்தது. மீதியை மேசைக்கு அடியில் வாத்துகளுக்குப் போட்டான். சோஹைர் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம், கேட்டிருக்காது.

புதன்கிழமை மதியம் மஹ்ரூஸ் சாப்பிட வந்தான். சோஹைர் பார்த்துப் பார்த்து அண்ணனை ரிஃபாத்தின் வலது பக்கம் உட்கார வைத்தாள். மஹ்ரூஸின் மீசை உதட்டை முழுக்க மூடியிருக்கும். வாயைப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ரிஃபாத் ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். மீசை மேலே போனால் சிரிக்க வேண்டும். மீசை நின்றால் நெஞ்சில் கை.

மீசை போனது, வந்தது. ரிஃபாத் சிரித்தான். சோஹைர் நடுவில் அண்ணனிடம் என்னவோ மெல்லச் சொன்னாள். மஹ்ரூஸ் கரண்டியைக் கீழே வைத்தான். ரிஃபாத்தின் தோளைத் தொட்டு நீளமாக ஏதோ கேட்டான். மீசை நின்றது.

"என் கண்ணுலருந்து மச்சான்!"

மஹ்ரூஸ் நம்பாமல் பார்த்தான். மீசை மறுபடி அசைந்து மறுபடி நின்றது.

"ரெண்டு கண்ணுலருந்தும்!"

மஹ்ரூஸ் எழுந்து நின்று அவனைக் கட்டிக்கொண்டான். இரண்டு கன்னத்திலும் முத்தம். கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். ரிஃபாத்தும் கலங்கினான், ஆனால் வேறு இடத்தில்.

அப்போது இடது பக்கமிருந்து சங்கு ஊதியது.

"தங்கமான மனுஷன் மாப்ள நீங்க! பாவம் ஷவ்கி புதுசாக் கல்யாணமானவன், கைக்கு நாலு காசு வரட்டும்னு உங்க இடத்த அவனுக்கு விட்டுக் குடுத்துட்டீங்களே! அதும் எதுக்கு? என்கூட ஒரு வாரம் வீட்ல இருக்கறதுக்கு!"

"நானா! நான் எப்பச் சொன்னேன்?"

மேசை அமைதியானது. ரிஃபாத்துக்கு எப்போதுமே அமைதிதான் என்பதால் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

சோஹைர் எழுந்து வந்து அவன் இடது காதுப் பக்கம் நின்று, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "இப்பதான சொன்னீங்க? ரெண்டு கண்ணுலருந்தும்னு. எங்க மூணு பேருக்கும் கேட்டுச்சு. ஏங்க, அண்ணன் கேட்டது உங்களுக்குக் கேக்கலையா?"

மஹ்ரூஸின் மீசை அசையாமல் நின்றது. பார்வை மெல்ல ரிஃபாத்தின் காதுக்கு வந்தது.

கேட்டது என்றால் இந்த வாரம் போச்சு. கேட்கவில்லை என்றால் இந்த வாரமும் போச்சு, காதுப் புண்ணை மறைத்தவன் என்று வாழ்நாளும் போச்சு.

"கேட்டுச்சு" என்றான் ரிஃபாத். "நல்லாக் கேட்டுச்சு."

மஹ்ரூஸ் போன பிறகு சமையலறையில் சோஹைர் மறுபடி அவன் இடது காதுப் பக்கம் நின்று, காலி பாட்டிலை அவன் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு ரெண்டு சொட்டா விட்டா இது ஒரு மாசம் வரும். உங்களுக்கு ரெண்டு நாள்ல காலி. எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்கு இருக்கறது காதா, சாக்கடையா?"

"உங்கண்ணன்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உங்கள ஜென்மத்துக்கும் படகுல ஏத்தமாட்டான். இப்பப் பாருங்க, விட்டுக்கொடுத்த மகான்னு பேரு. காது சரியாகட்டும், அடுத்த தடவ உங்களைத்தான் கூப்பிடுவான். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம்."

"படகு கிளம்பற நேரத்துலயா?"

"அப்பதான் நீங்க ஓடமாட்டீங்க."

ரிஃபாத் பாட்டிலைக் கையில் எடுத்தான். கெஞ்சுகிற குரலில் கேட்டான். "இப்ப கொஞ்சம் கலந்து விட்டா காலைக்குள்ள சரியாயிடாதா?"

"புண்ணுமேல விட்டா சுரீர்னு எரியும், மனுஷா. புண்ணு வராம இருக்கறதுக்குத்தான் அது. அந்த ஊசியையும் குடுங்க, என் தலைக்கு ஒண்ணுகூட மிச்சமில்ல."

ஊசியைக் கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை டாக்டருக்குக் கிளம்ப சட்டை மாட்டிக்கொண்டு ரிஃபாத் பால்கனியில் நின்றான். காலடியில் வாத்துகள் அவன் ரப்பர் உடையைக் கொத்திக்கொண்டிருந்தன. துறையிலிருந்து மஹ்ரூஸின் படகு கிளம்பியது. அதன் முன்முனையில் நின்று ஷவ்கி தலை வாரிக்கொண்டிருந்தான். உள்ளே சங்கு ஊதியது: "மாப்ள! போறப்ப அந்தக் குப்பையக் கீழ கொண்டுபோங்க!"

சோஹைர் அவனைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். காதில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். சொட்டையும் போட்டுக்கொள்ளவில்லை, சொன்னதையும் போட்டுக்கொள்ளவில்லை.