குதிரை நுழைந்த வாசல்

"உள்பக்கமாவா செதுக்கினே? கதவு நிலையில உள்பக்கமாவா?"

"வெளியில மழை பெரில்! நான் நனைஞ்சுக்கிட்டே..."

"அந்தக் காலத்துல குதிரை நனைஞ்சுக்கிட்டுத்தான்யா போச்சு! கரையில! படகை இழுத்துக்கிட்டு!"

"அந்தக் கயிறு உரசி உரசித்தானே தடம் விழும்னு நான்..."

"கரையில போன கயிறு என் கதவுக்கு உள்ள வந்து எப்படி உரசும்?"

வில்ஃப் ஹாக்கெட்டின் கையில் அரம் இருந்தது. ஓக் மரக் கதவு நிலையில், உள்பக்கமாக, ஆழமான பள்ளங்கள் வரிசையாக விழுந்திருந்தன. பழசாகத் தெரிய வேண்டும் என்று அவற்றில் டீத்தண்ணீர் வேறு தேய்த்திருந்தான்.

கால்வாய்க்கரையில் இருக்கும் இந்தப் 'பொன் லாடம்' பப்பின் மாடியில்தான் பெரில் பிறந்தாள். பப்பையும், பின்னாலிருக்கும், ஒரு காலத்தில் பீர் காய்ச்சிய பழைய பீர்க்கூடத்தையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டக் கம்பெனி காத்திருந்தது. குதிரைகள் படகிழுத்த காலத்துக் கட்டடம் என்று புராதனத் துறை எழுதிக் கொடுத்தால் ஒருவனும் கை வைக்க முடியாது. இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குத் தெருவில்தான். அந்தத் துறையின் அதிகாரி இன்று மதியம் வருகிறார்.

"பீர்க்கூடம் நிஜமாவே பழசு. அதைக் காட்டினாப் போதாதா?"

"அது போன தலைமுறையில கட்டினதுன்னு கம்பெனி வக்கீல் சொல்றான் கண்ணு. பாலத்து மூலையில கயிறு அறுத்த தடம் இருக்கே, அதைப் பாத்தா பழசில்லன்னு எவனாவது வாயத் திறக்கிறானா?"

கதவு தட்டப்பட்டது. பெரில் தன் மழைக்கோட்டை எடுத்துத் தடத்தின் மேலிருந்த ஆணியில் மாட்டினாள்.

அதிகாரி பெட்டிஃபர் ஒல்லியான மனிதர். தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டே வந்தார். வந்தவர் தன்னுடைய கோட்டையும் அதே ஆணியில் மாட்டினார். ஆணி பெயர்ந்தது. கோட்டு இரண்டும் கீழே விழுந்தன.

பெட்டிஃபர் குனியவில்லை. நிலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கயிற்றுத் தடம்!" என்றார். அடுத்த கணம் புருவம் சுருங்கியது. "ஆனா... உள்ளே இருக்கே?"

"குதிரை உள்ள வந்துச்சு சார்," என்றான் வில்ஃப்.

"பப்புக்குள்ளேயா?"

வில்ஃப் மனைவியைப் பார்த்தான். குளத்தில் குதித்த பிறகு நீச்சல் தெரியாது என்று சொல்கிறவனின் பார்வை அது.

"அப்போ இங்க பப்பே கிடையாது சார்," என்றாள் பெரில். நாக்கு தானாகப் புரண்டது. "வெறும் வழிதான். பின்னாடி பீர்க்கூடத்துக்குப் பார்லி படகுல வரும். குதிரை இப்படி முன்வாசல்ல நுழைஞ்சு, நேரா பின்வாசல் வழியா முற்றத்துக்குப் போகும். அதுங்களுக்கும் ஒரு வாளி பீர் ஊத்துவாங்களாம்."

"அப்படியானா பின்வாசல்லயும் தடம் இருக்கணுமே!"

"இருக்கு," என்றான் வில்ஃப். "சார் ஒரு வாய் குடிங்க. நான் போய்... கொஞ்சம் தூசி தட்டிட்டு வந்துடறேன்."

பின்பக்கத்திலிருந்து அரம் அராவும் சத்தம் கிளம்பியது.

"என்ன சத்தம் அது?"

"எலி சார்."

"எலியா? சமையல் பண்ற இடத்திலயா?" அவர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எலி இல்ல, எலி இல்ல! மரங்கொத்தி!"

"இந்த மழையிலயா?"

பெரில் பியானோவுக்குப் பாய்ந்தாள். பத்து வயதில் சர்ச்சில் கற்ற துதிப்பாடல் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் அதைக் குத்தினாள். அந்த நேரம் பார்த்து, முழங்கால் வரை சேறோடு, கழுத்தில் வரைபடம் தொங்க ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். ஞாயிறுதோறும் பழைய பாதைகளில் நடக்கும் உள்ளூர் நடைச் சங்கத்தின் செயலாளர் ஈனிட் த்ரிப்.

"இங்க ஏதும் சாவா?" என்றாள்.

"இல்லம்மா, உட்காருங்க!" பாட்டின் நடுவிலேயே கத்தினாள் பெரில். "கறியும் ரொட்டியும் சூடா இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க!"

அராவும் சத்தம் நின்றது. மீசையெல்லாம் மரத்தூளோடு வில்ஃப் திரும்பி வந்தான். "ரொம்பத் தூசி சார்."

முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குக் குறுக்கே நின்ற நீளக் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு பெட்டிஃபர் நடந்தார். பெரிலும் பின்னாலேயே போனாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு பள்ளத்துக்குள் விரலை விட்டார். விரல் பழுப்பாக வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார்.

பெரில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீ," என்றார்.

"நான்தான் சார்," என்றாள் பெரில். "காலையில டீத்தட்டோட தடுக்கி விழுந்தேன்."

"ரெண்டு வாசல்லயும் இதே பழுப்பு இருக்கே?"

"அங்க விழுந்தேன். எழுந்து வந்து இங்க விழுந்தேன்."

மூலையில் ஈனிட் த்ரிப்பின் கரண்டி மட்டும் தட்டில் உரசியது. பெட்டிஃபர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கட்டடத்துக்குள்ளயே குதிரைப் பாதை ஓடியிருக்கும்னு நான் எழுதினப்ப ஆபீஸே சிரிச்சுது அம்மா. மேலதிகாரி என் கட்டுரை மேல காப்பிக் கோப்பையை வச்சார். இப்ப சிரிக்கட்டும், பாப்போம்!" அங்கேயே கவுன்ட்டரின் மேல் தாளை விரித்து எழுதினார், கையெழுத்திட்டார், முத்திரையைக் குத்தினார். "இனி இந்தக் கட்டடத்துல ஒரு செங்கல்லை, ஒரு பலகையை அசைக்கக்கூடாது. கம்பெனியும் சரி, நீங்களும் சரி."

வில்ஃப் அவரைக் கட்டிக்கொண்டான். பெரில் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "எல்லாருக்கும் ஒரு கிளாஸ்! அந்த அம்மாவுக்கும்!"

ஈனிட் த்ரிப் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வரைபடத்தைக் கவுன்ட்டரில் விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டாள்.

"முன்வாசல்லேர்ந்து பின்வாசல் வரைக்கும் பாதைதான், இல்லையா சார்?"

"சந்தேகமே வேண்டாம். எழுதியே கொடுத்துட்டேன்."

அவள் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள்.

"நம்ம நாட்டுச் சட்டம் உங்களுக்கும் தெரியுமே பெரில், ஒருதரம் பொதுப்பாதைன்னா என்னைக்கும் பொதுப்பாதை, ஞாயித்துக்கிழமை எங்க சங்கம் முழுசும் இந்த வழியாத்தான் நடக்குது, அதுக்குள்ள குறுக்க நிக்கிற இந்தக் கவுன்ட்டரை எடுத்துடறீங்களா?"